பதினோரு ஓம்

நூற்றுப்பத்தைப் பத்தால் வகுத்தால் பதினொன்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட யோசிக்காமல் சொல்லிவிடும். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்து, சவுதியில், ஜுபைலில் ஒன்பது வருடம் மோட்டாரும் பேனலுமாகக் காலம் தள்ளியிருந்த நான் அந்தக் கணக்கைப் போடவில்லை. போடத் தெரியாமல் இல்லை. போட வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவு தலைக்கனம். அந்தத் தலைக்கனத்துக்கு இன்னொரு மனிதர் தன் வலது கையைக் கொடுத்தார். வேலையையும் கொடுத்தார். நான் இன்னும் அதே பிளான்ட்டில்தான் இருக்கிறேன். நடுவில் எனக்கு ஒரு புரமோஷன்கூட வந்தது.

அவர் என் ரூம்காரர். பெரம்பலூர் பக்கம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். பிளான்ட்டில் சாரம் கட்டுகிற வேலை. நாற்பது ஐம்பது அடி உயரத்தில் இரும்புக் குழாய்மேல் நின்று, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பேனர் போட்டு முறுக்குவார். கீழே நிற்கிற நான் அண்ணாந்து பார்க்கவே பயப்படுவேன். அவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கரண்ட் என்றால் மட்டும் ஒதுங்கிக்கொள்வார்.

"கண்ணுக்குத் தெரிஞ்சா நகர்ந்து நிக்கலாம் தம்பி, இது தெரியவே மாட்டேங்குதே" என்பார்.

"நான் எதுக்கு இருக்கேன் அண்ணே?" என்பேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்வானேன். நாங்கள் தங்கியிருந்த கம்பெனி கேம்ப்பில் யார் எதை வாங்கினாலும் முதலில் என் கட்டிலுக்குத்தான் வரும். அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர், தண்ணீர் சுட வைக்கிற ராடு. "இதப் போடலாமா?" என்று கேட்பார்கள். பின்னால் ஒட்டியிருக்கிற லேபிளைப் பார்ப்பேன், கண்ணை மூடி மனதுக்குள் பெருக்குகிற மாதிரி ஒரு பாவனை, அப்புறம் தீர்ப்பு. போடலாம். போடாதே. பெரிய ஹைகோர்ட் ஜட்ஜ் என்று நினைப்பு.

எங்கள் ரூமில் நாலு பேர். ரூமில் சமைக்கக் கூடாது என்று கதவிலேயே நோட்டீஸ் ஒட்டியிருக்கும், நாலு பாஷையில். அதன் கீழேயே அடுப்பு வைத்துச் சமைப்போம். ஆறு நாள் மெஸ் சாப்பாடு சாப்பிட்ட நாக்குக்கு வெள்ளிக்கிழமை ஒரு மீன்குழம்பாவது வேண்டாமா? கேம்ப் பாஸுக்கும் தெரியும். பிடித்தால் ஒரு வார்னிங் லெட்டர், அதோடு சரி. அண்ணன் கைப்பக்குவம் அப்படி. அவர் தாளிக்கிற வாசனைக்கு மூன்றாவது பிளாக்கிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அடுப்பு எங்களுக்கு முன்னால் அந்த ரூமில் இருந்த யாரோ விட்டுப்போனது. சுருள் கம்பி அடுப்பு. லேபிள் எண்ணெய்ப் பிசுக்கில் அழிந்து போயிருந்தது. சவுதியில் பழைய கட்டடங்களில் இரண்டு வகை கரண்டும் இருக்கும். நூத்திப்பத்து வோல்ட்டுக்குத் தட்டையான இரண்டு முள் பிளக், இருநூத்திருபதுக்குத் தடித்த மூன்று முள் பிளக். இந்த அடுப்பு நூத்திப்பத்து. பழைய கேம்ப்பில் ஒன்றரை வருடம் அதில்தான் ஓடியது. ஒரு தடவை சும்மா இருக்காமல், கம்பியைக் கவ்விப் பிடித்து கரண்டை அளக்கிற மீட்டரை சைட்டிலிருந்து கொண்டுவந்து அளந்தும் பார்த்தேன். சரியாகப் பத்து ஆம்பியர். நூற்றுப்பத்து வோல்ட், பத்து ஆம்பியர், பெருக்கினால் ஆயிரத்து நூறு வாட். "ஆயிரத்து நூறு வாட் அடுப்புண்ணே இது" என்று அறிவித்தேன். அண்ணனுக்கு ஒரே பெருமை, அடுப்புக்குப் பெயர் சூட்டிவிட்ட மாதிரி.

பிறகு எங்களைப் புது கேம்ப்புக்கு மாற்றினார்கள். ஏசி புதுசு, கட்டில் புதுசு, எல்லாம் இருந்தது. நூத்திப்பத்து மட்டும் இல்லை. சுவரெங்கும் மூன்று முள் சாக்கெட்தான். அண்ணன் அடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த வாரம் நாங்கள் இருவரும் அல் கோபார் டவுனுக்குப் போயிருந்தோம். அங்கே கீழக்கரைக்காரர் ஒருவர் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறார். மூன்று முள் பிளக் ஒன்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். அண்ணன் வெள்ளந்தியாக விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"அடுப்பு நூத்திப்பத்துன்னா பிளக்க மட்டும் மாத்தி ஆவாது தம்பி" என்றார் கடைக்காரர். "வோல்ட்டேஜக் குறைக்கிற ட்ரான்ஸ்பார்மர் வெக்கணும். இல்லாட்டி வேற அடுப்பா பாத்துக்கிடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. சாமான் விற்கிறவர் எனக்குச் சொல்லித் தருவதா? அதுவும் அண்ணன் முன்னால்?

"பாய், நீங்க கடையப் பாருங்க. கணக்க நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுப் பிளக்கை எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "அந்த பாய் சொன்னதுல ஏதாச்சும் இருக்குமா தம்பி?"

நான் பையிலிருந்த பிஸ்கட் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். "இங்க பாருங்கண்ணே. அடுப்பு ஆயிரத்து நூறு வாட். நாமளே அளந்தது. இப்ப வோல்ட்டேஜ் இருநூத்திருபது. ஆயிரத்து நூற இருநூத்திருபதால வகுங்க. அஞ்சு. முன்னாடி பத்து ஆம்பியர் ஓடுன ஒயர்ல இனி அஞ்சுதான் ஓடும். ஒயருக்கு இன்னும் நல்லது."

அண்ணன் அட்டையை வாங்கி, படிக்கத் தெரிந்த அந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அஞ்சுதானா?" என்றார். "அப்ப சரி."

எனக்கு எப்படி அப்படி ஒரு புத்தி போனது என்று பிற்பாடு நூறு தடவை யோசித்திருக்கிறேன். ஒன்பது வருடமும் நான் பார்த்தது மோட்டார். ஒரே மோட்டாருக்கு இரண்டு வோல்ட்டேஜ் போட்டிருப்பார்கள், உள்ளே இணைப்பை மாற்றினால் இரண்டிலும் ஓடும். வோல்ட்டேஜ் இரட்டித்தால் கரண்ட் பாதி. தினமும் நேம் பிளேட்டில் பார்த்துப் பார்த்து அது எனக்கு வேத வாக்கு. அடுப்புக் கம்பிக்கு அந்தப் புத்தி கிடையாது. எனக்கு ஆயிரத்து நூறு வாட் போதும், மீதி வேண்டாம் என்று அது சொல்லாது. அதற்கென்று இருப்பது ஒரு தடை மட்டும்தான். எத்தனை வோல்ட் கொடுத்தாலும் தடை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், வோல்ட்டேஜ் கூடக் கூடக் கரண்டும் கூடும். பாலிடெக்னிக்கில் முதல் வாரமே இதைத்தான் நடத்தினார்கள். நான் பவரைக் கணக்குப் போட்டேன். தடையைப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பழைய பிளக்கை வெட்டிவிட்டுப் புதுசை நானே மாட்டினேன். அளக்கிற மீட்டர் சைட்டில் லாக்கருக்குள் இருந்தது. இருந்தாலும் அளந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். "போட்டுக்கலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லி வாங்கக் கேம்ப் வாசலில் இருக்கிற பகாலாவுக்குப் போனேன். சிறிய மளிகைக் கடை, போய் வர இருபது நிமிடம். மற்ற இரண்டு ரூம்காரர்களும் துணி துவைக்கப் போயிருந்தார்கள்.

திரும்பி வரும்போது எங்கள் பிளாக் முன்னால் கூட்டம். பிளாஸ்டிக் எரிந்த நாற்றம். அண்ணன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், வலது கையை இடது கையால் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கிக்கொண்டு. உள்ளங்கையில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. உருகிய ஒயர் உறை. அடுப்பு வெள்ளையாகத் தகதகத்ததாம். எண்ணெய் வைத்ததும் குப்பென்று தீப்பிடித்திருக்கிறது. ஒயர் புகைவதைப் பார்த்து அதைப் பிடித்து இழுத்திருக்கிறார். உறை உருகிக் கையோடு வந்திருக்கிறது. இழுத்திருக்காவிட்டால் மெத்தை பிடித்திருக்கும், பலகைச் சுவர்தானே, பிளாக்கே போயிருக்கும்.

என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, நான் ஏதோ தப்பா மாட்டிப்புட்டேன்."

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கையில் இன்னும் கொத்தமல்லிக் கட்டை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டேன். நூற்றுப்பத்து வகுத்தல் பத்து, பதினோரு ஓம். அதுதான் கம்பியின் தடை. இருநூற்றிருபது வகுத்தல் பதினொன்று, இருபது ஆம்பியர். ஐந்து இல்லை, இருபது. இருநூற்றிருபது பெருக்கல் இருபது, நாலாயிரத்து நானூறு வாட். பத்து ஆம்பியருக்கான மெல்லிசு ஒயரில் இருபதை ஓடவிட்டிருக்கிறேன், ஆயிரத்து நூறு வாட் அடுப்பை நாலு மடங்கு எரியவிட்டிருக்கிறேன். எங்கள் ரூம் பிரேக்கரும் இருபது ஆம்பியர். அது எப்படி உடனே விழும்? வோல்ட்டேஜை இரண்டு மடங்காக்கினால் பவர் நாலு மடங்கு. கடைக்காரருக்கு அது தெரிந்திருந்தது. அடப்பாவி, அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். யாருக்கும் கேட்காமல்தான்.

விசாரணை ஞாயிற்றுக்கிழமை கேம்ப் ஆபீசில். சேஃப்டி ஆபீசர் வடநாட்டுக்காரர், கேள்வி எல்லாம் இந்தியில். அண்ணனுக்கு இந்தி சுட்டுப் போட்டாலும் வராது. யல்லா, கலாஸ், ஜல்தி, கல்தி என்று சைட்டில் அடிபடுகிற நாலு வார்த்தை தெரியும். அதனால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாமல் இருந்திருக்கலாம். இல்லை, அப்படிச் சொல்வதும் அயோக்கியத்தனம். வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம்.

ஆபீசர் முதலிலேயே விளக்கிவிட்டார். ரூமில் சமைத்தது வார்னிங்கோடு போகும். ஆனால் எலக்ட்ரிக் சாமானில் கை வைத்து மாற்றியது யாரோ, அந்த ஆள் வேலையில் இருக்க முடியாது. எக்ஸிட், ஒரேயடியாக ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மேஜைமேல் கருகிய அடுப்பும் என் புது பிளக்கும் இருந்தன.

"யே பிளக் கிஸ்னே லகாயா?" என்று கேட்டார்.

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். "பிளக்க யாரு மாட்டினதுன்னு கேக்குறாரு."

அண்ணன் கொஞ்சமும் தயங்கவில்லை. "தம்பிதான் மாட்டிக் குடுத்தாரு. கணக்கெல்லாம் எழுதியே காட்டுனாரு, அதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் அடுப்ப நகத்தறப்ப ஒயர இழுத்து எங்கயோ லூசாக்கிட்டேன் போலருக்கு. தம்பி மேல தப்பில்ல. அதையும் சொல்லிருங்க."

முழுசாகச் சொன்னால் நான் காலி. ஊரில் தங்கை கல்யாணம் பேசி முடித்திருந்தோம், அது இது என்று ஆயிரம் காரணம் எனக்கு அப்போது வரிசையாக வந்து நின்றது. ஒன்றும் வேண்டாம், பயம். அவ்வளவுதான்.

"போல்தா ஹை, உஸ்கா கல்தி" என்றேன். தன்னுடைய தப்பு என்று சொல்கிறார்.

கல்தி என்ற வார்த்தை அண்ணனுக்குப் புரிந்தது. நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று அவருக்குத் திருப்தி. கட்டுப் போட்ட கையால் தன் நெஞ்சைத் தொட்டு, "ஆமா சார், கல்தி, கல்தி" என்று தலையாட்டினார். ஆபீசர் எழுதிக்கொண்டார். இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"இல்லண்ணே."

"நல்லவேளை. உங்க பேரக் கெடுத்திருப்பேன்."

நின்ற இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் தேவலை. விழுங்கவில்லை. இருவரும் நடந்து மெஸ்ஸுக்குப் போனோம். அவருக்கு நான்தான் சோறு பிசைந்து ஊட்டினேன். அவர் வெட்கப்பட்டார். மூன்று வாரத்தில் எக்ஸிட் அடித்து அனுப்பினார்கள். பெட்டியை நான்தான் கட்டினேன், ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூடப் போனேன். பார்க்கிறவர்கள் எல்லாம் எவ்வளவு பாசம் என்றார்கள்.

அதன்பிறகு மூன்று வருடம் ஓடியது. மாதம் ஒரு தடவை வாய்ஸ் மெசேஜ் போடுவார். சாப்பிட்டீங்களா தம்பி, டூட்டி எப்படிப் போகுது தம்பி. கையைப் பற்றிக் கேட்டால் பரவாயில்லை என்பார். நான் ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்ல வாயெடுத்து, வேறு எதையாவது பேசி வைத்துவிடுவேன். போனில் சொல்கிற விஷயமா இது என்று எனக்கு நானே சமாதானம். லீவில் போகும்போது நேரில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இரண்டு லீவு வந்துபோனது. இரண்டிலும் பெரம்பலூர் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன மாதம் லீவில் வந்தபோது போனேன். என்ன தைரியத்தில் போனேன் என்று தெரியவில்லை, பஸ் ஏறிவிட்டேன். மதியம் சுமார் இரண்டு மணி. நல்ல வெயில். என்னைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "வாங்க தம்பி, வாங்க" என்று உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டார், இடது கையால். வலது கையில் கடைசி மூன்று விரல் மடங்கியது மடங்கியபடி உள்ளங்கையோடு இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்பேனர் என்ன, ஒரு டம்ளரைப் பிடிக்கக்கூட முடியாது. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் என்று சொன்னார்.

எனக்கு வேர்த்து ஊற்றியது. தலைக்கு மேலேயே ஃபேன் இருந்தது, சுவிட்ச் அவர் தோளுக்குப் பக்கத்தில். அவர் போடவில்லை. கொல்லைப் பக்கம் பார்த்து, "ஏம்மா, வந்து ஃபேனப் போடு" என்று குரல் கொடுத்தார். அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவிட்சைப் போட்டார்.

"இவரு எதையும் தொட மாட்டாரு தம்பி" என்றார் அண்ணி. "லைட்டு, ஃபேனு, மிக்ஸி, ஒண்ணும் தொட மாட்டாரு. நானும் தொட விடறதில்ல. ஒரு அடுப்ப ஒழுங்கா மாட்டத் தெரியாம சவுதி வேலையவே தொலைச்சிட்டு வந்த மனுசன்." மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி உப்புச் சப்பில்லாமல் போன ஏச்சு. சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "அண்ணே, அது உங்க தப்பில்ல" என்றேன். "என் கணக்குதான் தப்பு."

அவருக்குப் புரியவில்லை. மேஜைமேல் கிடந்த காலண்டர் தாளைத் திருப்பி, பேனாவை அவர் இடது கையில் கொடுத்தேன். "நூத்திப்பத்தப் பத்தால வகுங்க." கோணல்மாணலாகப் போட்டார். பதினொன்று. "இதுதான் அந்தக் கம்பியோட தடை. மாறாது. இப்ப இருநூத்திருபதப் பதினொண்ணால வகுங்க." உதட்டை அசைத்துக்கொண்டே போட்டார். இருபது. எழுதிவிட்டு அந்த இருபதையே பார்த்தார்.

"நீங்க அஞ்சுன்னு சொன்னீங்க."

"ஆமாண்ணே."

"இது எனக்கே போட வருதே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகச் சொன்னார். அதுதான் என்னைக் குத்தியது. "அப்ப நான் ஒயர இழுத்து ஒண்ணும் பண்ணல?"

"இல்லண்ணே. நீங்க இழுத்ததாலதான் பிளாக்கே தப்பிச்சது."

அவர் எழுந்தே விட்டார். "ஏம்மா! இங்க வா! தம்பி, என்கிட்ட சொன்னத அப்படியே அவகிட்டயும் சொல்லுங்க." அண்ணி டீயோடு வந்தார். சொன்னேன். தாளையும் காட்டினேன். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

அண்ணி சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "தப்பு உங்களுதுன்னா இவர ஏன் தம்பி அனுப்புனாங்க?"

"அவரு என்னம்மா பண்ணுவாரு?" என்று அண்ணன் குறுக்கே பாய்ந்தார். "எனக்கு வெவரம் தெரியாது, நான்தான் ஆபீசர்கிட்ட என் தப்புன்னு சொன்னேன். ஆனா தம்பி பிளக் மாட்டுனதையும் சொன்னேன். ஒண்ணும் மறைக்கல."

"உங்களுக்குத்தான் இந்தி தெரியாதே."

"தம்பிதான் எடுத்துச் சொன்னாரு."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "இவரு சொன்னத முழுசாச் சொன்னீங்களா?"

"இல்ல அண்ணி" என்றேன். "பாதிதான் சொன்னேன்."

அண்ணன் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அது உடனே போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது.